ஊருக்கெல்லாம் ஞானத்தாய்

தேங்காய்ப்பால் கொதிக்கும் வாசனை வந்தால் எடில்மாவின் கால் நின்றுவிடும். தலையில் சோளக் கொழுக்கட்டைக் கூடை அப்படியே இருக்க, மூக்கு மட்டும் வேலியைத் தாண்டி உள்ளே போகும். "மீன் குழம்பா, ஆமைக் குழம்பா?" என்று தெருவிலிருந்தே கேட்பாள். தவக்காலத்தில் இந்தக் கேள்விக்குப் பயந்து சன்னலைச் சாத்திக்கொண்டு சமைப்பவர்கள் எங்கள் ஏரிக்கரையில் உண்டு. மீன் என்று பொய் சொன்னால், "அப்படியா, ஒரு துண்டு குடு பாப்போம்" என்று தட்டை நீட்டுவாள்.

இறைச்சி விலக்கிய நாட்களில் ஆமை எங்களுக்கு மீனோடு சேர்த்தி. பெரிய வெள்ளி மதியம் ஆமைக் குழம்பு கொதிக்காத வீட்டைத் துக்க வீடு என்பார்கள். ஆமை சினையாக இருக்கும் பருவமும் அதுவே. கரையோரத்துக் காய்ந்த புல்லுக்குத் தீ வைத்து, இரும்பு முனைக் கம்பால் சேற்றைக் குத்திப் பார்த்து, பதுங்கியிருப்பதைத் தோண்டி எடுப்பார்கள். "ஒரு நாள் மாட்டுக்கறிய விட்டதுக்கு ஏரியவே காலி பண்ணுவீங்க. இதுக்குப் பேரு ஒறுத்தலா?" என்று கோவில் வாசலில் மறித்துக் கேட்பாள் எடில்மா. வாதம் முற்றினால் படைப்புக் கதைக்கே போய்விடுவாள். "ஆண்டவர் ஆமைய அஞ்சாம் நாள் படைச்சாரு. உன்ன ஆறாம் நாள். மூத்தவங்களுக்கு மரியாதை குடுடா!"

சிரித்தார்களே தவிர யாரும் திருந்தவில்லை. அதனால் வேறு வழி பிடித்தாள். ஆமை பிடிக்கிறவன் வீட்டில் தொட்டில் கட்டினால் போதும், கொழுக்கட்டையும் கையுமாகப் போய் நிற்பாள். "ஞானத்தாய் யாருன்னு முடிவு பண்ணிட்டீங்களா?" ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்தி ஞானத்தாய் ஆகிவிட்டால் பெற்றவனுக்கு அவள் கொமாத்ரே, அவளுக்கு அவன் கொம்பாத்ரே. அன்றோடு 'நீ' போய் 'நீங்க' வந்துவிடும். கொமாத்ரே வாய்விட்டுக் கேட்டதை மறுத்தவனோடு இங்கே யாரும் ஒரே படகில் ஏறமாட்டார்கள். ஞானஸ்நானம் முடிந்த மறுநாளே எடில்மா போய் ஆமை குத்தும் கம்பைக் கேட்டு வாங்கி வந்துவிடுவாள். அவள் வீட்டுக் கோழிக்கூடு அந்தக் கம்புகளால் கட்டியதுதான். என் இளைய மகளுக்கும் அவளே ஞானத்தாய். நான் ஆமை பிடிப்பவன் அல்ல, தின்பவன். என்னையும் விடவில்லை. நாக்கு இன்னும் ஏங்குகிறது. அதில் அவள்மேல் எனக்குக் கொஞ்சம் கோபமும் உண்டு.

கடைசியில் நிக்கானோர் ஒருவன்தான் மிஞ்சினான். ரொம்ப காலம் தவமிருந்து பெற்ற மகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்காமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தான். "பாஸ்காப் பண்டிகை முடியட்டும். அதுக்குள்ள அந்தப் பொம்பள எனக்குக் கொமாத்ரே ஆனா என் சாக்கு காலி" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தான். இந்த வருடம் அவன் சாக்கு நிறையச் சினை ஆமைகள். கார்த்தகேனா நகரத்து ஓட்டல்காரன் அவற்றுக்காக ஆள் அனுப்பியிருந்தான். ஏரியில் மிஞ்சியிருந்த பெரிய பெட்டைகள் அவைதான் என்று எடில்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. "இதுங்களும் போச்சுன்னா அடுத்த வருஷம் குஞ்சுக்கு எங்க போறது?" என்று புலம்பினாள்.

பெரிய வியாழன் மதியம் அந்தக் குழந்தைக்குக் காய்ச்சலில் வலிப்பு கண்டது. மருத்துவரை அழைத்துவரப் படகு அக்கரைக்குப் போயிருந்தது. சாமியாரும் அதில்தான் போயிருந்தார். உயிர் ஊசலாடும் பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றிப் பெயர் வைக்கலாம். ஊற்றுகிறவரே ஞானப்பெற்றோர். தாய் யாதிரா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எடில்மாவிடம் ஓடினாள். நிக்கானோரும் பின்னாலேயே ஓடிவந்தான். எடில்மா பானைத் தண்ணீரை உச்சந்தலையில் ஊற்றி, "மார்செலா" என்று பெயரிட்டாள். பிறகு பிள்ளையை மடியில் போட்டு ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் படகு மருத்துவரோடு திரும்பியபோது மார்செலா பாலுக்கு அழுதுகொண்டிருந்தது. இனிப் பயமில்லை என்றார் அவர்.

மறுநாள் பெரிய வெள்ளி. காலையில் எடில்மா வீட்டு வாசலில் சாக்கோடு வந்து நின்றான் நிக்கானோர். நானும் அங்கே இருந்தேன்.

"கேளுங்க, கொமாத்ரே."

"என்னத்த கேக்கணும்?"

"தெரியாத மாதிரி பேசாதீங்க. ஊரெல்லாம் கேட்டீங்கல்ல, எங்கிட்டயும் கேளுங்க."

"மாட்டேன். பிள்ள உசுருக்கு வெல பேசவா தண்ணி ஊத்தினேன்? சாக்கு உங்களோடது. தூக்கிட்டுப் போங்க, கொம்பாத்ரே."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாக்குக்குள் ஓடுகள் உரசும் சத்தம் எனக்கே கேட்டது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

"சரியான பிடிவாதம் பிடிச்ச பொம்பள" என்று முனகிக்கொண்டே சாக்கைத் தோளில் போட்ட நிக்கானோர், ஓட்டல்காரனின் ஆள் காத்திருந்த பக்கம் போகாமல் ஏரிக்கு நடந்தான். நானும் எடில்மாவும் தெருவில் நின்றவர்களும் பின்னால் போனோம். கரையிலேயே விட்டால் வேறு எவனாவது பொறுக்கிக்கொண்டு போவான். உள்ளே இறங்கித்தான் விடவேண்டும். ஆனால் பெரிய வெள்ளியன்று தண்ணீரில் கால் வைத்தவன் மீனாகிவிடுவான் என்று நம்பாதவர் எங்கள் ஊரில் இல்லை.

"இறங்காதடா, மீனாயிடுவ! நாளைக்கு உன்னத்தான் குழம்பு வைப்போம்!" என்று யாரோ கத்தினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நிக்கானோர் சிரிக்கவில்லை. சாக்கைக் கட்டிப்பிடித்தபடி தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

எடில்மா பெரிய வெள்ளியன்று பாவம் என்று தலைகூட வாராதவள். செருப்பைக் கழற்றிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். பாவாடையைத் தூக்கிச் செருகி, முழங்கால் ஆழத்துக்கு இறங்கி, திரும்பி நின்று, அவனை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டினாள்.