பை எடுத்தவள்

அந்தச் சலவைக்கூடத்தில் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பன்னிரண்டு இயந்திரங்கள் ஒன்றாக உறுமுகிற இடத்தில் சொந்தப் பேர் காதில் விழாது. பட்டப்பேர்தான் விழும். இவளுக்கு விழுந்த பேர் முணுமுணுப்பு. உருப்படிகளை எண்ணும்போது உதடு ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் யாராவது "டீ வேணுமா?" என்று கேட்டால், "இருபத்தொன்பது" என்று பதில் வரும்.

அவளுடைய வேலை பைப் பக்கம். மருத்துவமனைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் அழுக்குத் துணி பெரிய நீலப் பைகளில் வந்து இறங்கும். ஒரு பை இருபத்தைந்து கிலோ. ஈரத்தோடு வந்தால் முப்பது. வண்டியிலிருந்து தூக்கி, தரையில் கொட்டி, வெள்ளையைத் தனியாக, கறை பட்டதைத் தனியாகப் பிரிக்க வேண்டும். ரத்தக்கறை என்றால் பச்சைத் தண்ணீரும் உப்பும். வெந்நீர் பட்டால் கறை ஆயுசுக்கும் போகாது. இதை அவள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். ஊரான் வீட்டு ரத்தமெல்லாம் அவள் கையில் சொன்னபடி கேட்டது. அவளுடைய சொந்த ரத்தம்தான் கேட்கவில்லை.

இரண்டு வருஷம். மாதத்தில் பத்து நாள் என்று தொடங்கி, பதினைந்தாகி, கடைசியில் எது லீவு நாள், எது வேலை நாள் என்றே தெரியாத அளவுக்கு ஆகிவிட்டது. கறுப்பைத் தவிர வேறு நிறத்தில் கீழுடுப்பு போடுவதை விட்டாள். படி ஏறினால் மூச்சு வாங்கியது. கணவரிடம் சொன்னபோது, அவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர், வண்டியைப் பற்றிச் சொல்கிற மாதிரியே சொன்னார்: "சூடா இருக்கும். நிறையத் தண்ணி குடி."

கடைசியில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, கர்ப்பப்பையில் மூன்று கட்டி என்றார். ஒன்று எலுமிச்சை அளவு, ஒன்று ஆரஞ்சு, மூன்றாவது சின்னத் தேங்காய். "பழக்கடையே வச்சிருக்கீங்களேம்மா" என்று வேறு சிரித்தார். எடுத்துவிடலாம் என்றார். ஆறு வாரம் வீட்டில் ஓய்வு, அதற்குமேல் மூன்று மாதம் கனமான எதையும் தூக்கக் கூடாது என்றார்.

ஆறு வாரம்கூட அவளுக்குப் புரிந்தது. மூன்று மாதம்தான் புரியவில்லை. தூக்காமல் பைப் பக்கம் எப்படி வேலை பார்ப்பது? வேலை போனால் வீட்டில் உட்கார்ந்து எதை எண்ணுவது?

கழிப்பறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவளைக் கண்டுபிடித்தது தலைவி. மடிப்பு மேசையில் வேலை பார்க்கிறவள், ஐம்பது தாண்டியவள். சண்டை, சமாதானம், யாருக்கு எந்த ஜன்னல் ஓரம் என்று எல்லாவற்றையும் அவளே தீர்த்து வைப்பதால் அந்தப் பேர்.

"எத்தனை நாளாடி?"

"ரெண்டு வருஷம்க்கா."

"ரெண்டு வருஷமா வாயில என்ன வச்சிருந்த? எண்ணிக்கிட்டு இருந்தியா?"

அன்றைக்கே உலர்த்தி இயந்திரத்துக்குப் பின்னால் ஆறு வாரச் சங்கம் கூடியது. உறுப்பினர் மொத்தம் இரண்டு பேர், இருவருமே ஏற்கெனவே கர்ப்பப்பை எடுத்தவர்கள்: தலைவியும், கிழிந்த விரிப்புகளைத் தைக்கிற தையல்காரியும். மூன்றாவது ஆள் கிடைத்ததில் இருவருக்கும் அப்படி ஒரு சந்தோஷம்.

"சங்கத்துல ஒரே சட்டம்தான்" என்றாள் தலைவி. "பை எடுத்தவ பை எடுக்கக் கூடாது."

முணுமுணுப்புக்குப் புரிய இரண்டு நொடி ஆயிற்று. பிறகு சிரித்தாள். சிரித்ததில் ரத்தம் கொட்டியது. சிரிப்பு பாதியில் நின்றது.

மூன்று வாரம் டீ இடைவேளையெல்லாம் பாடம். இரும்புச்சத்து மாத்திரை போட்டால் வெளிக்குப் போவது கறுப்பாக இருக்கும், பயந்து ஊரைக் கூட்டாதே. படுக்கையிலிருந்து நேராக எழுந்திருக்காதே, ஒருக்களித்து, கையை ஊன்றி எழு. இருமல் வந்தால், தும்மல் வந்தால், சிரிப்பு வந்தால் வயிற்றில் ஒரு தலையணையை அழுத்திப் பிடி. அடுக்களையில் தினமும் தேவைப்படுகிறதை எல்லாம் இப்போதே இடுப்பு உயரத்துக்கு எடுத்து வை. மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஆறு வாரத்துக்கு உன் பொருள் இல்லை. தையல்காரி பழைய விரிப்பை வெட்டி ஒரு குட்டித் தலையணையே தைத்துக் கொடுத்தாள். மூலையில் கறை. "நல்ல துணில தைச்சா மேற்பார்வையாளன் கணக்கு கேப்பான்" என்றாள்.

"திரும்பி வந்ததும் மூணு மாசம் தூக்கக் கூடாதாம்க்கா" என்றாள் முணுமுணுப்பு. "நான் எங்க போய் நிக்கிறது?"

"மடிப்பு மேசைல உனக்கு இடம் இருக்கும். நான் சொல்றேன்ல?"

எப்படி இருக்கும் என்று இவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

விடுப்புக் கடிதம் எழுதியதும் தலைவிதான். முணுமுணுப்பு கர்ப்பப்பை என்று எழுதச் சொன்னாள். தலைவி பேனாவை நிறுத்தினாள். "புது மேற்பார்வையாளர் வந்து முழுசா ஒரு மாசம் ஆகல. ஆம்பள. அவன்கிட்டப் போய் கர்ப்பம் கிர்ப்பம்னு எழுதுவானேன்? பைன்னு போடுவோம். புரிஞ்சுப்பான்." அறுவை அன்று கொடுக்கிற கடிதம் என்பதால் இப்படி எழுதினாள்: 'மேற்படியார் பை எடுத்திருப்பதால் ஆறு வாரத்துக்கு வேலைக்கு வர இயலாது.' கூடவே டாக்டர் சீட்டை ஊசி குத்தி வைத்தாள். அந்தக் கையெழுத்து டாக்டருக்கே விளங்காது.

அறுவை முடிந்து கண் விழித்தபோது முணுமுணுப்பு முதலில் பார்த்தது விரிப்பின் ஓரத்தை. அவர்கள் சலவைக்கூடத்தின் முத்திரை. உடம்பில் பாதி இன்னும் மரத்துக் கிடந்தது. ஆனாலும் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். மடிப்புக்கோடு கத்தி மாதிரி இருந்தது. இந்தக் கோடு தலைவி கை. கூட யாரோ படுத்திருக்கிற மாதிரி இருந்தது.

மறுநாள் காலையிலிருந்து நர்சுக்கு ஒரே கேள்விதான். "காத்து பிரிஞ்சுதாம்மா?" பிரியவில்லை. மத்தியானம் தலைவி போனில், "பிரிஞ்சுதாடி?" பிரியவில்லை. சாயங்காலம் தையல்காரி, "என்ன ஆச்சு?" மூன்று பேர் வாழ்க்கையே அந்த ஒரு காற்றுக்காகக் காத்திருந்தது. இரண்டாம் நாள் கணவர் பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தபோது பிரிந்தது. சாதாரணமாக இல்லை, அடுத்த கட்டில்காரி திரும்பிப் பார்க்கிற மாதிரி. கணவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். தலைவி போனில் கூச்சல் போட்டாள். "பிரிஞ்சிருச்சாம்! ஏய், பிரிஞ்சிருச்சாம்!" பின்னால் இயந்திரச் சத்தத்தையும் மீறிக் கைதட்டல் கேட்டது. முணுமுணுப்பு தலையணையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அழுகையும் வந்தது. எதற்கு என்று தெரியவில்லை. ஜன்னல் பக்கத்திலிருந்து, "பழம் வேணுமா வேண்டாமா?" என்றார் கணவர்.

வீட்டுக்கு வந்ததும் உதவிக்கு என்று நாத்தனார் வந்தாள். வந்தவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "அண்ணி, நீங்க அசையவே கூடாது, என்ன வேணுமோ சொல்லுங்க" என்றாள். பத்து நிமிஷம் கழித்து, "அண்ணி, டீத்தூள் எங்க இருக்கு?" என்றாள். இடுப்பு உயரத்தில்தான் இருந்தது. கண்ணுக்கு நேராக இருந்தும் அவள் கண்ணில் படவில்லை. மூன்றாம் நாள் முணுமுணுப்பே எழுந்து இரண்டு பேருக்கும் டீ போட்டாள். பக்கத்து வீட்டில் கேட்டவர்களுக்குக் கணவர், "முதுகு வலி" என்று சொன்னார். அவருக்கு அது சொல்ல வசதியாக இருந்தது போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சங்கம் வந்தது. உள்ளே நுழைந்ததும் தலைவி கண்டது கையில் தண்ணீர் வாளியோடு நின்றவளை. வாளியைப் பிடுங்கிக் கீழே வைத்தாள். நாத்தனாரைப் பார்த்து, "கால் வலிக்குதாம்மா, ரொம்ப நேரமா உட்கார்ந்திருக்கியே?" என்றாள். நாத்தனார் முகம் சுண்டிப் போய் உள்ளே போனாள்.

"தூக்கினா என்ன ஆகும்க்கா? சும்மா அரை வாளிதான்."

தலைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "எனக்கு என்ன ஆச்சுன்னு சொல்லவே இல்லைல? மூணாவது வாரம் வேலைக்கு வந்துட்டேன். அப்ப நான் பைப் பக்கம். நாலாவது பையத் தூக்கறேன், உள்ள ஏதோ தொப்புனு இறங்குச்சு. பைதான் கீழ விழுந்துருச்சுன்னு நினைச்சேன். குனிஞ்சு பாத்தா பை என் கையிலதான் இருக்கு."

அதற்கப்புறம்தான் அவளுக்கு மடிப்பு மேசை கிடைத்தது. எட்டு வருஷமாக உள்ளே இறங்கியது இறங்கியபடிதான் இருந்தது. நாள் முழுக்க நின்றால் வலி. தும்மினால் உடுப்பு மாற்ற வேண்டும். "இன்னொரு தடவை கத்தி வைக்கணுமாம். அதுக்கு இன்னொரு ஆறு வாரம். எவன் குடுப்பான்?"

அன்றிலிருந்து முணுமுணுப்பு ஒரு டம்ளரைக்கூட யோசித்துத்தான் தூக்கினாள்.

ஏழாவது வாரத்தின் முதல் நாள். மேற்பார்வையாளர் மேசைமேல் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"பையக் கொண்டு வந்தீங்களா?"

முணுமுணுப்பு விழித்தாள். "இல்ல சார். அவங்களே வச்சுக்கிட்டாங்க."

"யாரு?"

"டாக்டர்."

"டாக்டருக்கு நம்ம பை எதுக்கும்மா?"

"சோதனைக்கு அனுப்பணுமாம் சார். பயப்பட ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "மொத்தம் எத்தனை பை?"

"ஒண்ணுதான் சார்" என்றாள் முணுமுணுப்பு, கொஞ்சம் அடிபட்டவளாக. "எல்லாருக்கும் ஒண்ணுதானே."

"எல்லாருக்குமா! அப்ப இங்க எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு எடுத்துட்டுப் போறீங்களா? இருப்புல பதினோரு பை குறையுது. உங்க லெட்டர்லயே எழுதிக் குடுத்திருக்கீங்க, பை எடுத்தேன்னு. அந்த மேசைக்கார அம்மாவக் கூப்பிட்டுக் கேட்டேன். எடுத்தது நிஜந்தான், லெட்டர நான்தான் எழுதினேன் சார்னு சாட்சி சொல்றாங்க!"

அப்போதுதான் உறைத்தது. ஆறு வாரமாக அந்தக் குறிப்பேட்டில் அவள் திருடி. உலர்த்தி இயந்திரத்துப் பக்கம் நின்ற மூன்று ஆண்களும் வேலையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். முணுமுணுப்பு வாழ்க்கையில் முதல் தடவையாக முணுமுணுக்காமல் பேசினாள்.

"துணிப்பை இல்ல சார். கர்ப்பப்பை. என் வயித்துல இருந்தது. அறுத்து எடுத்துட்டாங்க."

ஒருவன் களுக்கென்று சிரித்தான். மேற்பார்வையாளர் காதுவரை சிவந்து போனார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தாள். "இதையெல்லாம் ஏம்மா எழுதறீங்க? வயித்து வலின்னு எழுதினா போதாதா?" என்றார். திருடியது அவள்தான் என்கிற மாதிரியே இருந்தது அந்தக் குரல்.

இன்னொரு சீட்டை நீட்டினாள். மூன்று மாதம் தூக்கக் கூடாது. அதை அவர் வெகுநேரம் படித்தார்.

"மேசைல நாலு ஸ்டூல்தான். நாலு பேர் இருக்காங்க. அஞ்சாவது போட எனக்கு உத்தரவு இல்ல. பைப் பக்கம் ஆளில்லாம லைன் நிக்குது. தூக்க முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடுங்க. வேற ஆளப் பாத்துக்கறோம்."

ஸ்டூல் இழுபடுகிற சத்தம் கேட்டது. தலைவி எழுந்துவிட்டாள். கையுறையை மாட்டிக்கொண்டே நடந்து வந்தாள்.

"நாலு ஸ்டூல் நாலாவே இருக்கட்டும் சார். இவள உட்கார வைங்க. பைப் பக்கம் நான் போறேன்."

"உங்களால முடியுமா?"

"எனக்கென்ன சார், எட்டு வருஷ ஓய்வு."

அவர் உடனே எழுதிக்கொண்டார். அடித்தல் திருத்தல் இல்லாமல், அழகான கையெழுத்தில்.

இதுதானா நீ வாங்கித் தந்த இடம் என்று கேட்க முணுமுணுப்புக்கு வாய் வந்தது. ஓடிப் போய் அந்தக் கையுறையைப் பிடுங்க வேண்டும் என்றும் வந்தது, தன் கையிலிருந்து வாளியைப் பிடுங்கிய மாதிரி. தையல்காரி தைப்பதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முணுமுணுப்பு வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். தையல் போட்ட இடம் கோடாகத் தட்டுப்பட்டது. போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். தலைவியின் சூடு அதில் இன்னும் இருந்தது.

மூன்று மாதம் முடிந்த அன்றே அவள் மேற்பார்வையாளரிடம் போய், இடத்தை மாற்றிக்கொள்கிறோம் என்றாள். "அந்தம்மாவுக்கு டாக்டர் சீட்டு இருக்கா?" என்று கேட்டார். தலைவியிடம் சீட்டு இல்லை. சீட்டு வாங்கப் போனால் ஆறு வாரம் படு என்பார்கள். படுத்தால் அந்த வேலையும் இருக்காது. "அப்ப எழுதினது எழுதினபடி இருக்கட்டும்" என்றார் அவர்.

இஸ்திரிப் பக்கத்து இளையவள் ஒருத்தி போன வாரம் பயந்துகொண்டே வந்தாள். அவளுக்கும் தேதி குறித்துவிட்டார்களாம். டீ இடைவேளைகூட வரவில்லை. ஆனால் தலைவி அங்கேயே, வண்டியிலிருந்து இறக்கிய பையை இடுப்பில் சாய்த்துப் பிடித்துக்கொண்டே பாடத்தைத் தொடங்கிவிட்டாள். ஒருக்களிச்சு எழுந்திரு. தலையணை வச்சுக்க. காத்து பிரிஞ்சா உடனே போன் பண்ணு. நடுவில் ஒரு தும்மல் வந்தது. பையை விடாமல் தொடைகளை இறுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றாள்.

"சட்டம் ஒண்ணே ஒண்ணுதான்" என்றாள், கண்ணைத் திறந்ததும். "பை எடுத்தவ பை எடுக்கக் கூடாது."

இளையவள் சிரித்தாள். மடிப்பு மேசையில் முணுமுணுப்பு இருபத்தேழு என்றாள். மறுபடியும் இருபத்தேழு என்றாள். மடித்ததை எல்லாம் திரும்பப் பிரித்துப் போட்டு, ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.