டிலீட் பட்டன் இல்லாத கேமரா

பழைய கட்டடத்தையும் ரயிலையும் பிலிமில் எடுக்கிறவனை ஊர் மூன்று விதமாகத்தான் பார்க்கும்: சர்வே ஆள், பத்திரிகை ஆள், வேலை போன ஆள். இன்னமும் பிலிம் சுருளோடு அலையும் சக பாவிகளே, உங்களுக்கே தெரியும். இருபது வருஷம் வெளியூரில் குப்பை கொட்டிவிட்டு நெய்வேலிக்குத் திரும்பிய எனக்கு மூன்று பட்டமும் கிடைத்துவிட்டன.

பின்பக்கம்

குறிஞ்சிப்பாடி தாண்டி ஒரு ரயில்வே கேட். சரக்கு வண்டி வளைவில் திரும்பும்போது எடுத்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் வந்து கேமராவின் பின்பக்கத்தை உற்றுப் பார்த்தார். "இன்னாங்க, ஒண்ணுமே தெரியல?" பிலிமைச் சென்னைக்கு அனுப்பிக் கழுவி வாங்க ரெண்டு வாரமாகும் என்றேன். தன் சினை ஆட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"அதுக்குள்ள இது குட்டியே போட்டுடுங்க!"

தண்ணீர்

டவுன்ஷிப்பில் ஒரு பழைய குவார்ட்டர்ஸ் வரிசை. பாதி வீடுகள் காலி. ஸ்டாண்டை நிறுத்திக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். குடத்தோடு வந்த பெண், "எந்த வூட்டுல ஆரம்பிக்கிறீங்க?" என்றார். சும்மா படம்தான் எடுக்கிறேன் என்றேன். நம்பவில்லை.

"பக்கத்து வரிசையையும் படம் புடிச்சிட்டுத்தான் சார் இடிச்சாங்க. முன்னாடியே சொல்லிடுங்க, பைப்ப ஒடைக்கிறதுக்குள்ள தண்ணி புடிச்சு வெச்சுக்கறேன்."

டிலீட்

அப்பா சுரங்க ரயிலில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் இன்ஜின் நின்ற செங்கல் ஷெட்டை இடிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், "ஒரே ஒரு படம் எடுத்துட்டு வாடா" என்றார். போய்ப் பார்க்க அவர் முழங்கால் விடாது. வேலிக்கு வெளியே நின்று, வெயில் சுவரில் ஏறும்வரை மூன்று மணி நேரம் காத்திருந்து ஒரு சுருள் முழுக்க எடுத்தேன். அப்போதுதான் செக்யூரிட்டி வந்தார், சின்ன வயசு. "இங்க எடுக்கக் கூடாது சார். டிலீட் பண்ணிடுங்க."

இதில் டிலீட் கிடையாது, மூடியைத் திறந்தால் வெளிச்சம் பட்டு அத்தனையும் போய்விடும் என்றேன். அப்பாவைப் பற்றியும் சொன்னேன். கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகமும் வாடித்தான் போனது.

"நான் காண்ட்ராக்ட் ஆளு சார். உங்கப்பா மாதிரி பெர்மனென்ட் கெடையாது. தயவுசெஞ்சு தொறந்துடுங்க."

திறந்தேன்.

கிழக்குக் கதவு

அனுமதி வாங்கிக்கொண்டு மறுபடி போனபோது அங்கே செங்கல் குவியல்தான் இருந்தது. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று நாலு தெரு சுற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன். அவர் கோபப்படவில்லை. "அந்தப் பய செஞ்சது சரிதான். நானே எத்தன பேர வெரட்டியிருக்கேன்" என்றார். பிறகு முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். "கெழக்குக் கதவு தெறந்திருந்துச்சா? துருப்பிடிச்சு நிக்கும். நான்தான் கீலுக்கு எண்ணெ விடுவேன்."

யோசித்தேன். வெளிச்சம் அளக்கும் மீட்டரில் முள் நின்ற இடம் நினைவிருந்தது. செங்கலில் விழுந்த நிழலும் நினைவிருந்தது. கதவு மட்டும் நினைவில் இல்லை.

"எலே, மூணு மணி நேரம் அங்கனதான நின்ன?"

வெளிச்சத்தை இம்மி பிசகாமல் அளக்கத் தெரிந்தவனுக்கு ஒரு கதவு திறந்திருந்ததா மூடியிருந்ததா என்று சொல்லத் தெரியவில்லை என்பதுதான், இத்தனை வருஷத்தில் நான் கற்ற தொழில்.