வெளுத்துப்போன செவ்வந்திக்கல்

“ஏட்டி, நீ பன்னெண்டு வரைக்கும் படிச்சவதான? கல்லு தானா நிறம் மாறுமா?”

இருளப்பசாமி அண்ணாச்சி என் கடை வாசலில் வந்து நின்று இப்படிக் கேட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் பகுதியில் அவர் மோதிரங்களுக்குக் கல் பதித்து விற்பவர். எதிர்க்கடையில் நான் ஜெராக்ஸ் எடுக்கிறேன். மனைவி இறந்துவிட்டதால் அவருக்கு வீட்டில் பேச ஆள் கிடையாது. கடைக்கு வருகிறவர்களோடு பேசினால்தான் உண்டு.

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் ராஜபாளையம் நாகஜோதி அக்கா. மில்லில் வேலை பார்ப்பவர். போன வருடம் அண்ணாச்சியிடம் அமெதிஸ்ட் என்கிற செவ்வந்திக்கல் பதித்த மோதிரம் வாங்கினார். கத்தரிப்பூ நிறத்தில் இருந்த கல் வெளுத்துப்போனதும் அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

“சாயம் பூசுன கண்ணாடியவா எந்தலையில கட்டுனீய?”

“இல்ல தாயி, அது ஒரிஜினல்.”

“ஆமா, ஒரிஜினல் கண்ணாடி.”

பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பேச்சு ஊருக்குள் பரவியது. அதன்பிறகு அண்ணாச்சியின் கடையில் யாரும் வந்து உட்காரவில்லை. காலையில் திறப்பார், சாமான்களைத் துடைப்பார், சாயங்காலம் பூட்டுவார். டீ குடிக்கப் போவதையும் விட்டுவிட்டார்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நூலகத்தில் தேடிப் படித்தேன். எரிமலைக் குழம்பு ஆறிய பாறைப் பொந்துகளில், கசிந்து வந்த நீரிலிருந்து மெல்ல வளரும் படிகம்தான் செவ்வந்திக்கல். அதில் கலந்திருக்கும் சிறிதளவு இரும்பும் பாறையின் இயற்கைக் கதிர்வீச்சும் சேர்ந்துதான் ஊதா நிறத்தைத் தருகின்றன. நாள்கணக்கில் கடும் வெயில் பட்டால் அந்த நிறம் போய்விடும். ஆனாலும் கண்ணாடியைக் கீறும் அளவுக்குக் கடினமானது.

ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினேன். நாகஜோதி அக்கா வீட்டில், முகம் பார்க்கும் பழைய கண்ணாடி ஒன்றில் அந்தக் கல்லால் இழுத்தோம். ஆழமாகக் கோடு விழுந்தது. சாயம் பூசிய கண்ணாடியாக இருந்தால் இப்படிக் கீறியிருக்காது.

“இத வெயில்ல வச்சீங்களாக்கா?”

“தெனமும் மொட்டமாடியிலதான் வச்சேன். வெயில் காட்டுனா கல்லுக்குச் சக்தி கூடும்னு அண்ணாச்சிதான சொன்னாரு.”

திரும்பி வந்து அண்ணாச்சியிடம் சொன்னேன். கல் துடைக்கிற துணியை மடித்து வைத்தார்.

“திருடன்னு சொன்னாவ. தெரியாதவன்னு சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பேன்,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நாகஜோதி அக்கா வந்து மன்னிப்புக் கேட்டார். அன்றைக்குத் தெருவே கேட்கப் பேசியவரின் குரல், இந்த முறை எதிர்க்கடையில் இருந்த எனக்குக்கூடக் கேட்கவில்லை. அவர் வந்து போனபிறகும் அண்ணாச்சியின் கடை காலியாகவே கிடக்கிறது.

பழி போன இடத்துக்கெல்லாம் நான் ஒருத்தி போய்ச் சொல்லிவிட முடியாது. இதைப் படிக்கிற நீங்கள், கல் மோதிரம் போட்டிருக்கிற நாலு பேரிடமாவது சொல்லுங்கள்: செவ்வந்திக்கல் வெயிலில் வெளுக்கும், இருளப்பசாமி அண்ணாச்சி யாரையும் ஏமாற்றவில்லை.