மாதாவுக்கு அடியில் இருந்த நிறம்

ஜெர்மனியில் வாங்கி, இல்ஃபோர்ட் வரை நானே ஓட்டிக்கொண்டு வந்த பழைய காருக்கு அப்போது முப்பது வயது. எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. டாஷ்போர்டுதான் வெயில் குடித்து வெளிறிப்போய், தொட்டால் வெள்ளைத் தூளாக விரலில் ஒட்டியது. 2009 கோடையில், இதைச் சரிக்கட்டாமல் விடுவதில்லை என்று இறங்கினேன்.

வேலை பிடித்துப்போனது. மெல்லிய சாண்ட்பேப்பரை நனைத்துத் தேய்க்க வெளிறல் போனது. சூடு காட்ட, வளைந்த பிளாஸ்டிக் இளகி நிமிர்ந்தது. ஹேர் டிரையர் எங்கே போனது என்பது மனைவிக்கு மூன்றாம் நாள்தான் துலங்கியது.

ஆனால் என்ன நிறம் அடிப்பது? கடையில் ஏழு விதமான பழுப்பு இருந்தது. மனைவி கோப்பி நிறம் என்றாள். நான் தேநீர் என்றேன். பதினாறு வருடம் அதன் முன்னால் இருந்து பயணம் செய்த இரண்டு பேருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. எனக்கு அது மண்டையைக் குடைந்தது.

வெயில் படாத ஒரே இடம், நடுவில் ஒட்டியிருந்த மடு மாதா சுரூபத்தின் அடி. மனைவி மன்னார் வேதக்காரி. கார் வாங்கிய அன்றே அவள் ஒட்டியது. அந்த வருடம் அதைத் தொட எனக்கே கை கூசியது. அவளுடைய தாய், என் மாமி, வன்னியில் போருக்குள் அகப்பட்டு, மாசி மாதத்திலிருந்து ஒரு தகவலும் இல்லை. ஷிப்ட் முடிந்து வந்தால் வாசலில் நிற்கும் காருக்குள் ஏறி, மாதாவின் முன்னால் பத்து நிமிடம் இருந்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவாள்.

ஆவல் பொல்லாதது. ஒரு சனிக்கிழமை அவள் வேலைக்குப் போனதும், நைலோன் நூலால் பசையை அறுத்துச் சுரூபத்தைக் கழற்றினேன். உள்ளே குடைவு. அதில் செம்மண் தூள் அடைந்திருந்தது. பதினாறு வருட ஊத்தை என்று நினைத்து, பழைய பல் பிரஷும் ஈரத்துணியுமாகப் பொட்டு மிஞ்சாமல் துடைத்தெடுத்தேன். அடியில் வட்டமாக அந்த நிறம்: பால் விடாத தேநீர். நான் சொன்னதுதான் சரி! தனியே இருந்து சிரித்தேன்.

பின்னேரம் வந்தவளைக் கையோடு கூட்டிப்போய்க் காட்டினேன். அவள் வட்டத்தைப் பார்க்கவேயில்லை. சுரூபத்தைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

“என்னப்பா, உள்ளுக்கை கிடந்த மண் எங்கை?”

“என்ன மண்?”

“மடு மண். நான் நாட்டை விட்டு வெளிக்கிடேக்கை அம்மா சீலைத் தலைப்பிலை முடிஞ்சு கொண்டுவந்து தந்தது.”

மடு மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் அந்த மண்ணைக் காவலுக்கு எடுத்து வைப்பது எனக்குத் தெரியும். எங்கள் காருக்குள் இருந்தது தெரியாது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனாலும் பயந்தேன். மாமிக்கு ஏதும் நடந்தால் அவள் ஒன்றும் சொல்லமாட்டாள், நான்தான் அந்தப் பிரஷை நினைத்துக்கொண்டே கிடப்பேன்.

அவள் ஏசவில்லை. குப்பை வாளியிலிருந்து துணியை எடுத்துக் காயப்போட்டாள். காய்ந்ததும், செம்மண் கறை பிடித்த துண்டை மட்டும் வெட்டி, சுரூபத்துக்குள் வைத்து, பழைய இடத்திலேயே ஒட்டச் சொன்னாள். சுற்றிவர மூன்று பூச்சு அடித்தேன். நிறம் அச்சொட்டாகப் பொருந்தியது. பார்க்கத்தான் மனம் வரவில்லை.

புரட்டாசியில் போன் வந்தது. மாமி, முகாமிலிருந்து. இரண்டு பேரும் அழுது முடிந்ததும் அவ கேட்ட முதல் கேள்வி ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

“பிள்ளை, நான் தந்த மண் வைச்சிருக்கிறியோ?”

மனைவி என்னைப் பார்த்தாள்.

“ஓம் அம்மா. காருக்குள்ளை பத்திரமாக் கிடக்கு. இவர்தான் அதைப் பாத்துக்கொள்ளுறவர்.”