ராவிலே வெள்ளம் நோக்கணும்

திருவனந்தபுரத்தில் எனக்கு முகம் தெரிந்தவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. ஆனாலும் வண்டியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினால் யாராவது ஒருவர் எனக்குக் கை காட்டிவிடுவார். ஒரு நாள் பேரூர்க்கடை சந்திப்பில் லாட்டரி விற்கிறவர், இன்னொரு நாள் மெடிக்கல் காலேஜ் வாசலில் ஓர் ஆட்டோ ஓட்டுநர். சிரித்துக்கொண்டே கையை உயர்த்துவார்கள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் என் முகத்தைப் பார்த்ததும் உயர்த்திய கையால் தலையைச் சொறிந்துகொள்வார்கள். ஆரம்பத்தில் எண்ணெய் ஒழுகுகிறதோ, டயரில் காற்று இறங்கிவிட்டதோ என்று பயந்து ஓரங்கட்டிப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. மன்னார்குடியில் நான் பிறந்து வளர்ந்த தெருவில்கூட இத்தனை பேர் எனக்குக் கை காட்டியதில்லை.

வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவருக்கு விழிஞ்ஞம் துறைமுகத்தில் வேலை கிடைத்ததால் குடும்பத்தோடு இங்கே வந்தோம். எனக்குக் கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் அலுவலகம். அங்கே எல்லாம் ஆங்கிலம் என்பதால் மலையாளம் கற்க அவசரப்படவில்லை. வந்த சில மாதங்களில் அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்தது. தாழ்ந்த காரில் அவரால் குனிந்து உட்கார முடியாது. ஆட்டோ குலுங்கினால் கண்ணில் நீர் வந்துவிடும். உயரமான இருக்கை உள்ள வண்டி வேண்டும் என்று தேடியபோதுதான் லீலா டீச்சர் என்ற பெண்மணியின் வீட்டுக் கொட்டகையில் நின்ற இந்த ஏழு பேர் அமரும் வெள்ளை எஸ்யூவி கிடைத்தது. பதின்மூன்று வயதான வண்டி. அவருடைய கணவர் இறந்த பிறகு யாரும் எடுத்து ஓட்டவில்லையாம். சாவியைக் கையில் வைத்தபோது டீச்சர், "நல்லா நோக்கிக்கோளணும், மோளே" என்று, நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார், அவ்வளவுதான். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

எங்கள் ஊரில் வண்டி என்பது ஆண்கள் பார்த்துக்கொள்ளும் விஷயம். அப்பாவின் பழைய வேன் கெட்டுப்போனால் மெக்கானிக் வருவார். அப்பாவும் அண்ணனும் அவரோடு பானெட்டுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நிற்பார்கள். நான் டீ கொண்டுபோய்க் கொடுப்பேன். எட்டிப் பார்த்தால், "உனக்கு இங்க என்ன வேலை? கிரீஸ் படும், போ" என்பார் அப்பா. முப்பத்தெட்டு வயதில் இங்கே வந்துதான் நான் ஓட்டவே கற்றுக்கொண்டேன். டீச்சர் சொல்லி அனுப்பிய ஷிபுவின் ஒர்க்‌ஷாப்புக்கு முதல்முறை போனபோது என் கணவரும் கூட வந்தார். ஷிபு அவருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, "ஆராணு ஓடிக்குன்னது?" என்று கேட்டார். யார் ஓட்டுவது என்று கேட்கிறார். நான் கையைத் தூக்கினேன். அதற்குப் பிறகு அவர் பேசியதெல்லாம் என்னிடம்தான். பெல்ட்டைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார், ஆயில் குச்சியை உருவித் துடைத்துக் காட்டச் சொன்னார். அன்று என் விரல்களில் ஒட்டிய கறுப்பு இரண்டு நாள் போகவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

இந்த ஊரில் வண்டிக்கு எதிரிகளே வேறு. எங்கள் ஊரில் புழுதியும் வெயிலும். இங்கே ஈரம். ஒரு வாரம் கண்ணாடியை ஏற்றிப் பூட்டி வைத்தால் சீட் பெல்ட்டில் பூஞ்சை பூத்துவிடும். மழைக்கு ஒதுங்கும் எலி ஒயரைக் கடித்துவிடும். கணவர் வண்டியைத் துறைமுகத்துக்கு எடுத்துப்போனால் உப்புக்காற்று கதவின் அடிப்பக்கத்தைத் தின்னும். ஒவ்வொன்றுக்கும் ஷிபு ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். முக்கியமாக ஒன்றை அழுத்திச் சொன்னார்: "ராவிலே வெள்ளம் நோக்கணும் சேச்சி. எந்நும். மறக்கருது." தினமும் மறக்காமல் பார்க்க வேண்டுமாம். இங்கே வெள்ளம் என்றால் தண்ணீர் என்பதை வந்த முதல் வாரமே தெரிந்துகொண்டிருந்தேன். ராவிலே என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ராவென்றால் இரவுதானே? ஆகவே தினமும் அலுவலகத்திலிருந்து வந்து இறங்கியதும், செல்பேசி வெளிச்சத்தில் பானெட்டைத் திறந்து, என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் பாட்டிலைப் பார்ப்பேன். இரண்டு கோடுகளுக்கும் நடுவில் ஜம்மென்று நிற்கும். திருப்தியோடு மூடிவிட்டு உள்ளே போவேன்.

இன்னொன்றையும் ஷிபுவிடம் கேட்டேன். நடு இருக்கைக்கு மேலே, கூரையோரக் கைப்பிடிக்குப் பக்கத்தில், ஓர் இரும்புக் கொக்கி திருகப்பட்டிருந்தது. ஏறும்போது அத்தையின் தலையில் இடிக்கிறது, எடுத்துவிடுங்கள் என்றேன். அவர், "அது கிடந்நோட்டே" என்றார். கிடந்துவிட்டுப் போகட்டும் என்று அலட்சியமாகச் சொல்கிறார் என நினைத்துக் கோபப்பட்டேன். அவர் அலட்சியமாகச் சொல்லவில்லை. அடுத்த முறை என் மகள் யாழினியைக் கூட்டிப்போனேன். பள்ளிக்கூடத்தில் அவள் மலையாளம் படிக்கிறாள். அவள் கேட்டுச் சொன்னாள்: டீச்சரின் கணவர், ஷிபு 'சார்' என்று சொல்லும் அந்த மனிதர், ஓய்வுபெற்ற பிறகு ஒரு தன்னார்வக் குழுவில் சேர்ந்து, வசதியில்லாத நோயாளிகளை மலையிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்த் திரும்பவும் வீட்டில் விடுவாராம். அந்தக் கொக்கி, வழியில் குளுக்கோஸ் பாட்டில் தொங்கவிட. தெருவில் உயர்ந்த கைகளெல்லாம் யாருக்கு என்று அப்போதுதான் புரிந்தது. அத்தைக்கு இடித்தாலும் வலிக்காதபடி கொக்கியின் முனையில் ஒரு ரப்பர் குழாயைச் செருகிக்கொண்டு வந்தேன். அதன் பிறகு யாராவது கையை உயர்த்தினால் நானும் உயர்த்தினேன், கொஞ்சம் கூச்சத்தோடு.

மழை தொடங்குவதற்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டிலேயே அடைந்து கிடந்த அத்தையைப் பொன்முடிக்குக் கூட்டிப்போகலாம் என்று கிளம்பினோம். கணவருக்கு அன்று ஷிப்ட். நான், அத்தை, யாழினி மூன்று பேர் மட்டும். வித்துரா தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஆரம்பித்ததும் சூடு காட்டும் முள் மெல்ல மேலே போனது. ஆறாவது வளைவோ ஏழாவதோ, பானெட்டின் ஓரங்களிலிருந்து ஆவி கிளம்பியது. ஓரங்கட்டி நிறுத்தினேன். செல்பேசியில் சிக்னல் இல்லை. இடுப்பு வலிக்காரரை வைத்துக்கொண்டு மலைச்சாலையில் நிற்கிறேன். அத்தை, "ஒண்ணும் ஆவாதும்மா, பதட்டப்படாத" என்றார். அவர் குரலும் சரியாக இல்லை.

எதிரே இறக்கத்தில் ஒரு பெண்மணி குடையை ஊன்றிக்கொண்டு வந்தார். ஐம்பது வயதிருக்கும். எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளுகிறவர் என்று பின்னால் தெரிந்தது. பெயர் தங்கம். அவர் எங்களைப் பார்க்கவில்லை, வண்டியின் எண்ணைத்தான் பார்த்தார். கிட்டே வந்து கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"இது சாரு வண்டியல்லோ? சாரு வரல்லியா?"

தமிழ்தான். அவரே தொடர்ந்தார். "எங்க வீட்டுக்காரரெ இதிலதான் ஆசுபத்திரிக்குக் கொண்டு போனது. பத்துப் பன்னெண்டு தடவெ. சாரு ஒரு தடவெகூட முகம் சுளிக்கல. வீட்டுக்காரரு போயி மூணு வருசமாச்சு. சாருக்கு சுகந்தானே?"

அவருக்குத் தெரியவில்லை. மலை மேல் இருப்பவருக்கு யார் போய்ச் சொல்லியிருப்பார்கள்? சாரை நான் பார்த்ததுகூட இல்லை. அந்தச் செய்தியை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"சார் போன வருஷம் தவறிட்டாருங்க. டீச்சர்கிட்ட இருந்து நாங்க இந்த வண்டிய வாங்கியிருக்கோம்."

அவர் சாலையோரத் தடுப்புச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். குடையை மடியில் வைத்துக்கொண்டார். "ஆரும் பறயல்லியே. ஒரு பிடி மண்ணு போடவாவது போயிருப்பேனே." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது நான் ரேடியேட்டர் மூடியில் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தேன். சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார். "தெறக்கண்டா! மொகமெல்லாம் வெந்து போகும். சூடு ஆறட்டு. சாரும் இந்த ஏத்தத்துல நிறுத்திட்டுத்தான் போவாரு." பக்கத்து ஓடையில் யாழினியோடு சேர்ந்து மூன்று பாட்டில் தண்ணீர் பிடித்து வந்தார். முக்கால் மணி நேரம் கழித்துத் திறந்து ஊற்றினால், வண்டி அத்தனையையும் குடித்தது.

"காலைல வெள்ளம் நோக்க மாட்டீங்களா அம்மா?"

"தினமும் ராத்திரி பாக்குறேங்க. மெக்கானிக் ராவிலேன்னுதான் சொன்னாரு."

யாழினி தலையில் அடித்துக்கொண்டாள். தங்கம் ஈரக் கண்களோடு சிரித்துவிட்டார். "ராவிலேன்னா காலைல அம்மா, விடியக்காலம்." ஓடிவந்த சூட்டில் பொங்கி மேலேறி நின்ற தண்ணீரைத்தான் இத்தனை நாளும் நிறைந்திருப்பதாக நம்பியிருக்கிறேன். காலையில் குளிர்ந்த பிறகு பார்த்திருந்தால் ஒழுகிக் குறைவது தெரிந்திருக்கும்.

எங்களோடு நின்றதில் அவர் வித்துராவுக்குப் போகும் பேருந்தைத் தவறவிட்டிருந்தார். பொன்முடியை விட்டுவிட்டு வண்டியைத் திருப்பினேன். நடு இருக்கையில் கொக்கிக்கு நேர் கீழே உட்காரச் சொன்னபோது, "அது அவரு இருந்த இடம்" என்று மறுத்து, நெருக்கிக்கொண்டு அத்தையின் பக்கம் உட்கார்ந்தார். வித்துரா வரும்வரை அத்தை அவர் கையைப் பிடித்திருந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன்.

மறுநாள் ஷிபு வெடித்திருந்த ரப்பர் ஹோஸை மாற்றிக்கொண்டே கதை முழுவதும் கேட்டார். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் முகம் சுருங்கிப்போனது. "தெற்று என்டேயாணு சேச்சி. தமிழில் பறயணமாயிருந்நு." தப்பு தன்னுடையது, தமிழில் சொல்லியிருக்க வேண்டும் என்கிறார். அவர் ஊரில், அவர் மொழியில் பேசியதற்கு என்னிடம் வருத்தப்படுகிற மனிதரிடம் நான் என்ன சொல்வது? அன்றிலிருந்து யாழினியிடம் தினம் பத்து மலையாளச் சொல் கற்றுக்கொள்கிறேன்.

அடுத்த மாதம் தங்கத்தை வித்துராவில் ஏற்றிக்கொண்டு லீலா டீச்சர் வீட்டுக்குப் போனேன். தங்கம் ஒரு பொட்டலம் தேயிலை கொண்டுவந்திருந்தார். டீச்சர் மலையாளத்திலும் அவர் தமிழிலுமாக ஒரு மணி நேரம் பேசினார்கள். நான் வெளியே நின்று கதவோரத் துருவைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். புறப்படும்போது டீச்சர் வண்டியின் முன்பக்கம் கையை வைத்து, "வேறெ ஆர்க்கெங்கிலும் கொடுத்திருந்நெங்கில்..." என்று ஆரம்பித்தார்; வேறு யாருக்காவது கொடுத்திருந்தால் என்பதோடு நிறுத்திக்கொண்டார். இந்த வண்டியை எனக்குக் கொடுத்த அவருக்கும், கிரீஸ் படும் என்று என்னைத் துரத்தாத ஷிபுவுக்கும், மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திய தங்கத்துக்கும் நான் எந்த மொழியில் நன்றி சொன்னாலும் போதாது.

சென்ற மாதம் இதே வண்டியில் மன்னார்குடி போனோம். வழி முழுவதும் முள் நடுவை விட்டு அசையவில்லை. ஊர் எல்லையில் பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினேன். டீசல் போடும் பெண் கேரளப் பதிவெண்ணைப் பார்த்துவிட்டு, "சேச்சி, எத்ர?" என்று எவ்வளவு போட வேண்டும் என மலையாளத்தில் கேட்டாள். களைப்பில் என் வாயும் மலையாளத்திலேயே, "ஃபுல் அடிச்சோளு" என்றது. பின்னால் அத்தை சிரித்தார். நான் சுதாரித்துக்கொண்டு, "டேங்க நெரப்பிடும்மா, கண்ணாடியையும் கொஞ்சம் தொடச்சிவிடு, பூச்சியா ஒட்டிக் கெடக்கு" என்றேன். அவள் ஆச்சரியத்தோடு நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்லா தமிழ் பேசுறீங்களே மேடம்! எங்க கத்துக்கிட்டீங்க?"

அந்த பங்க்கிலிருந்து மூன்று தெரு தள்ளி நான் பிறந்த வீடு. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவளோ அதற்குள் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கியிருந்தாள். விருந்தாளியின் வண்டியைத் துடைப்பதுபோல, அத்தனை பிரியமாக.