எண்ணெய் பூசிய தோட்டம்

பொய்ப் போதகன் எப்படி இருப்பான் என்று நீலகிரியில் சோலூருக்குக் கீழே இருந்த எங்கள் சிறு கோயிலில் ஞாயிறுதோறும் சொல்லிக்கொடுத்தார்கள். சொன்னவர் உபதேசியார். மூக்கால் பேசுவார். காதுக்கு இனிப்பாகப் பேசுவான், வேதத்தில் இல்லாததை வேதத்தின் பேரால் சொல்வான், எச்சரிக்கையாயிருங்கள் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் முன்வரிசையில் குறட்டை கேட்கும். சரியான உபதேசத்தை அவ்வளவு சலிப்பாகச் சொல்வதற்கும் ஒரு தனி வரம் வேண்டும். என் கணவர் அந்த முன்வரிசையில்தான் உட்காருவார்.

தேயிலை விலை விழுந்து கிடந்த வருஷங்கள் அவை. எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தோட்டம். பச்சை இலையைப் பறித்து, அதை வாங்கும் ஏஜெண்டின் லாரியில் ஏற்றினால் பறித்த கூலிக்கே கட்டாது. மளிகைக் கடைக்காரர் எங்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்த நேரம் பார்த்துச் சமவெளியிலிருந்து ஒரு பாஸ்டர் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, குழைந்த குரல். தகரக் கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பிடித்துக் கூட்டம் போட்டார். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று வருகிறவர்கள் உண்டு என்பதும் எங்களுக்குச் சொல்லப்பட்டதுதான். அப்போதும் தூங்கியிருப்போம்.

விசுவாசிக்கு வறுமை கிடையாது என்றார் அவர். குறைந்த விலைக்கு இலையைக் கொடுப்பது சாபத்துக்குச் சம்மதம் சொல்வது போலவாம். கர்த்தர் விலையை உயர்த்தும்வரை ஒரு கொழுந்தைக்கூடக் கிள்ளக் கூடாது. ஒவ்வொரு தோட்டமாக வந்து, ஜெபித்து, மூலைச் செடிகளின்மேல் எண்ணெய் பூசினார். பூசிய பிறகு யாராவது கை வைத்தால் அது அவிசுவாசம். எங்கள் தோட்டத்துக்கு வந்தபோது அவருடைய செருப்பில் சேறு படாமல் இருக்க என் கணவர் சாக்கு விரித்தார். எனக்கு அவர் அப்படி ஒரு நாளும் விரித்ததில்லை.

தேயிலைச் செடியைப் பறிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும். இலை முற்றும், செடி மேலே மேலே ஏறும். பிறகு கவாத்துக் கத்தியால் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டு, துளிருக்காக மாதக்கணக்கில் வானத்தைப் பார்க்க வேண்டும். அந்த ஒன்றரை ஏக்கரை விட்டால் எங்களுக்குச் சோறு போட வேறு எதுவும் இல்லை.

"ஏனுங்க, இன்னும் ஒரு சுத்து பறிக்காம விட்டா செடி மேல போயிருமுங்க. அப்புறம் அடியோட வெட்டோணும்" என்றேன்.

"எண்ணெய் பூசின தோட்டம் புள்ள அது. வாயை வெச்சுக் கெடுத்துப்போடாத."

அவர் உபவாச ஜெபத்துக்குக் கொட்டகைக்குப் போகும் நாட்களில் நான் கூடையை மாட்டிக்கொண்டு தோட்டத்தின் அடியில் இறங்கினேன். ஓடையை ஒட்டிய சில வரிசைகள் பாதையிலிருந்து தெரியாது. அவற்றை மட்டும் பறித்து, என் பேர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஏஜெண்டிடம் கொடுத்தேன். அந்த இலைதான் வீட்டில் அரிசியானது. அரிசி எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை. விசுவாசத்தால் வந்தது என்று நினைத்திருப்பார்.

காட்டிக்கொடுத்தது என் கை. இலை பறித்தால் விரலில் கறுப்புக் கறை ஏறும். எந்தச் சோப்புக்கும் போகாது. ஒரு நாள் கூட்டத்தில் எல்லோரும் கையை உயர்த்தி ஸ்தோத்திரம் சொல்லச் சொன்னார் பாஸ்டர். பறிப்பை விட்டுப் பல வாரங்கள் ஆகியிருந்ததால் எல்லாப் பெண்களின் விரல்களும் கல்யாணப் பெண் விரல்களாக வெளுத்திருந்தன. என்னுடையவை மட்டும் கறுப்பு.

"சகோதரி, அந்தக் கையோடு முன்னால வா" என்றார்.

முழங்கால் போட வைத்தார்கள். அவிசுவாச ஆவியைத் துரத்தப் பெண்கள் என் தலையில் கை வைத்து அழுத்தினார்கள். ஒரு நகம் தோலைக் கிழித்து இறங்கியது. யாருடையது என்று எனக்குத் தெரியும். வருஷக்கணக்காக என் பக்கத்து வரிசையில் பறித்தவள். அவர்களுக்கெல்லாம் முன்னால் எழுந்து வந்து என் தலையில் கை வைத்தவர் என் கணவர். அன்று அவர்கள்மேல் வந்த வெறுப்பு இன்னும் போகவில்லை. அது போக வேண்டும் என்று நான் ஜெபித்ததும் இல்லை.

விலை ஏறவில்லை. ஏறாததற்குக் காரணம் ஒரு வீட்டின் திருட்டுக் கை என்று பாஸ்டர் விளக்கினார். பிறகு வேறு ஊரில் ஊழியம் அழைக்கிறது என்று மலையிறங்கிவிட்டார். தோட்டங்கள் காடாக நின்றன. காணிக்கை போட்டவர்களும் எண்ணெய் பூசிக்கொண்டவர்களும் அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. என்னோடு பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள்.

கவாத்து வெட்டும்போது உபதேசியார் வந்தார். மொட்டைச் செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் சொன்னேனுங்க அம்மிணி."

"சொன்னீங்க. கேக்கறவங்க முழிச்சிருக்கிற மாதிரி சொல்லியிருக்கலாமுங்க."

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்குப் பாவமாக இல்லை. பிறகு அவரே சொன்னார்: "ஒரு அடையாளத்தைச் சொல்லாம உட்டுட்டனுங்க. சொன்னது பலிச்சா பொய்ப் போதகனுக்கு மகிமை. பலிக்காட்டி, கேட்டு ஏமாந்தவங்க தலையில பழி. நம்ம ஆண்டவரு பழியைத் தன் மேல போட்டுக்கிட்டவருங்க. அதை வெச்சுப் பார்த்தாலே ஆளு தெரிஞ்சிரும்."

இதையும் மூக்கால்தான் சொன்னார். ஆனால் முதல் தடவையாக முழுசாகக் கேட்டேன். இரண்டு வரிசை தள்ளி வெட்டிக்கொண்டிருந்த என் கணவருக்கும் அது கேட்டது. அவர் குனிந்தபடியே அடுத்த செடிக்கு நகர்ந்தார்.

துளிர் வரும்வரை, நான் பறித்துவந்ததால் வெட்ட வேண்டியிராத ஓடைக்கரை வரிசைகள் மட்டுமே இலை கொடுத்தன. அதை நான்தான் பறித்தேன், இப்போது ஒளிக்காமல். ஒரு நாள் மத்தியானம் என் கணவர் தட்டில் சோறு போட்டேன். அவர் கண்ணை மூடி, கை குவித்து, சத்தமாக ஜெபித்தார்.

"கர்த்தாவே, என் மனைவியோட அவிசுவாசத்தால எல்லாம் போயும், எங்களைப் பட்டினி போடாம நடத்துறீரே, ஸ்தோத்திரம்."

நான் ஆமென் சொல்வதற்காகக் காத்திருந்தார்.

"சொல்லு புள்ள, சோறு ஆறுது."

நான் சொல்லவில்லை. அவரே ஆமென் சொல்லிக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார். பசி போலிருக்கிறது, மறுசோறும் கேட்டு வாங்கினார்.