குதிரை மேல் நின்றவரும் கேமராவோடு ஓடினவனும்

ஆடாமல் அசையாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மனுஷனை ஒழுங்காகப் படம் எடுப்பதற்கே ஸ்டுடியோக்காரனுக்கு மூச்சு முட்டும். நானோ, ஓடுகிற குதிரையின் முதுகில் கை கட்டி நிற்கிற ஒருவரை எடுப்பதற்காக வருஷக்கணக்கில் அலைந்தவன். கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்குக்கூட உட்கார முடியாமல் கேமராவைச் சுமந்த சகோதரர்களே, இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். புனேயில் போசரி தொழிற்பேட்டைக்கு எதிரே ஸ்டுடியோ வைத்திருந்தேன். வேலைக்கு மனுப் போடுகிறவர்களுக்கு பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்தே காலம் ஓடிக்கொண்டிருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் தத்து என்கிறவர் கடைக்குள் வந்தார். பக்கத்துக் கிராமத்துக்காரர், ஒரு பட்டறையில் ஃபிட்டர், வயது நாற்பதைத் தொட்டிருக்கும். அவர் ஊர் ஜாத்ராவில், அதாவது கோயில் திருவிழாவில், மாட்டுவண்டிப் பந்தயம் நடக்கும். காளைகளுக்கு வேகம் பிடிக்க, அவற்றுக்கு முன்னால் ஒரு பெண்குதிரையை ஓட விடுவார்கள். அந்தக் குதிரையின் முதுகில் ஏறி நின்று, கடிவாளத்தை விட்டுவிட்டு, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு மேட்டில் ஏறுகிறவர் இந்த தத்துதான். பதினாறு வருஷமாக ஏறுகிறார், ஒரு தடவைகூட விழுந்ததில்லை.

சிக்கல் அவர் மனைவி. குதிரை கிளம்பியதும் சேலைத் தலைப்பை முகத்தில் போட்டுக் கண்ணை இறுக மூடிக்கொள்வாராம். "இறங்கிட்டாரு" என்று யாராவது சொன்னால்தான் திறப்பார். புருஷன் நிற்கிற அழகைப் பதினாறு வருஷத்தில் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. இப்போது "போதும், இனி ஏறக்கூடாது" என்கிறார். தத்து கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாய்தா வாங்கியிருந்தார். முகம் தெரிகிற மாதிரி ஒரு படம் வரவேண்டும். அதில் இவர் எவ்வளவு திடமாக நிற்கிறார் என்று அந்தம்மா பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். அதுவரை ஏறலாம். தெற்கத்திக்காரன் எவனாக இருந்தாலும் அங்கே அண்ணாதான். தத்து என் கையைப் பிடித்துக்கொண்டு மராத்தியில் சொன்னது இது: "அண்ணா, கடிவாளம் இப்ப உங்க கையில இருக்கு."

நாற்பதாவது படம்

முதல் வருஷம் போனேன். சும்மா சொல்லக்கூடாது, தத்து எழுந்து நின்றது பார்க்க வேண்டிய காட்சிதான். கீழே குதிரை காற்றாய்ப் பறக்கிறது. மேலே இவர் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி சாவதானமாக நிற்கிறார். நான் விடாமல் தட்டினேன். அவர் ஏறினது, நின்றது, இறங்கினது, அடுத்த சுற்று, எதையும் விடவில்லை. முப்பத்தாறு படம் எடுக்கிற ஃபிலிம். கேமராவில் எண் முப்பத்தெட்டைத் தாண்டியது. நாற்பதையும் தொட்டது. என் கைராசியை நானே மெச்சிக்கொண்டேன்.

தொழில் தெரிந்தவர்கள் இந்நேரம் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். ஃபிலிமின் நுனி பல்சக்கரத்தில் மாட்டவே இல்லை. நாற்பது தடவையும் உள்ளே அது இருந்த இடத்திலேயே இருந்திருக்கிறது. கழுவிப் பார்த்தால் கண்ணாடி மாதிரி ஒரு நாடா. மறைக்க மனசு வராமல் அதை அப்படியே தத்துவிடம் நீட்டினேன். வெளிச்சத்தில் பிடித்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பொறுமையாகப் பார்த்தார். "குதிரையும் இல்ல, நானும் இல்ல. ஆனா ஒரு கறை இல்லாம சுத்தமா வந்திருக்கு அண்ணா. படம் இல்லைன்னா தீர்ப்பும் இல்ல, அடுத்த வருஷமும் ஏறுவேன்."

தலைவர் வந்தார்

மறு வருஷம் ஃபிலிமை மூன்று தடவை சரிபார்த்துவிட்டுப் போனேன். அந்த வருஷம் திருவிழாக் கமிட்டிக்குப் புதுத் தலைவர். காவி நிறத் தலைப்பாகை, இரண்டு பக்கமும் முறுக்கின மீசை. கேமராவை எங்கே கண்டாலும் அதற்கு முன்னால் வந்து நின்றுவிடுவார். நான் இடப்பக்கம் போனால் அவரும் இடப்பக்கம். தத்து எழுந்து நின்ற நேரத்தில் மஞ்சள்தூளை அள்ளி வானத்தில் வேறு இறைத்தார்கள். அது அங்கே வழக்கம், சாமிக்குச் செய்வது, குறை சொல்ல முடியாது.

மொத்த ஃபிலிமிலும் மஞ்சள் புகை. புகைக்கு நடுவில் தலைவர். அவர் காதுக்குப் பக்கத்தில் குதிரையின் வால் நுனி. நான் நொந்துபோய் உட்கார்ந்திருந்தால், தலைவரே கடைக்கு வந்து எல்லாவற்றையும் பெரிதாகப் போட்டுத் தரச் சொன்னார். "குதிரைக்காரர் ஒரு படத்துலயும் இல்லையே ஐயா" என்றேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "தத்து வருஷா வருஷம் குதிரை ஓட்டுவான். நான் தலைவரா இருக்கிறது இந்த ஒரு வருஷம்தான்."

முன்னால் போய் நின்றது

அடுத்து வந்த வருஷங்களில் தலை இல்லாத தத்து கிடைத்தார், முதுகு மட்டும் காட்டும் தத்து கிடைத்தார். முதுகைப் பார்த்த அந்தம்மா, "இது யாரோட முதுகோ" என்று திருப்பி அனுப்பிவிட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. முகம்தானே வேண்டும், பாதைக்கு நடுவிலேயே போய் நின்று எடுக்கிறேன் என்று முடிவு கட்டினேன். துணைக்கு என் மச்சினன் கதிரேசன். புனேயிலேயே ஹிஞ்சேவாடியில் சாஃப்ட்வேர் வேலை, ஞாயிற்றுக்கிழமையானால் எனக்குப் பை தூக்குவான்.

குதிரை நேரே என்னைப் பார்த்து வந்தது. தத்து எழுந்தார், கையைக் கட்டினார். ஃபோகஸ் கச்சிதம். பட்டனை அழுத்தப் போகும்போது குதிரை என்னை லேசாகச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. குதிரை போன இடத்தில் நான்கு காளைகள் தெரிந்தன. அவற்றுக்குச் சுற்றிப் போகிற வழக்கம் இல்லை. நான் எப்படிப் பாய்ந்தேன் என்று தெரியாது, பக்கத்து வாய்க்காலில் கிடந்தேன். கேமரா பிழைத்தது. அதில் பதிவானது அரை வானமும் என் இடது செருப்பும்தான். கதிரேசன் நிதானமாக இறங்கி வந்து கை கொடுத்தான். "அத்தான், குதிரையைப் பாத்திய, சரி. அது எதுக்கு அந்த ஓட்டம் ஓடுதுன்னு யோசிக்க வேண்டாமா?"

ஐந்து கால்

இரண்டாயிரத்துக்குப் பிறகு கதிரேசனுக்கு ஒரு யோசனை. "எதுக்கு அத்தான் உயிரை விடுதிய? கம்ப்யூட்டர்ல ஒட்டித் தாரேன்" என்றான். எனக்கும் வாய்க்கால் நினைவு வந்தது. தத்துவைக் கடையில் ஸ்டூல் மேல் கை கட்டி நிற்க வைத்து எடுத்தோம். "இது தப்பில்லையா?" என்று அவர் இரண்டு தடவை கேட்டார். மூன்றாவது தடவை கேட்கவில்லை. இரண்டு குதிரைப் படங்களிலிருந்து நல்ல பாகங்களை வெட்டி ஒன்றாக்கி, அதன் முதுகில் தத்துவை நிறுத்தினான் கதிரேசன்.

படம் அபாரம். கமிட்டி அலுவலகத்தில் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். பெருமையோடு அதைத் தத்துவின் வீட்டுக்கு நானே கொண்டுபோனேன். அந்தம்மாவை நான் 'வஹினி' என்பேன், நம்மூர் அண்ணிதான். அவர் என்னை 'பாவோஜி' என்பார், கொழுந்தன் என்று அர்த்தம். வஹினி டீயைக் கொடுத்துவிட்டுப் படத்தை வாங்கினார். முகத்துக்குப் போகவே இல்லை, கீழேயிருந்து ஆரம்பித்து விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். நாங்கள் யாருமே எண்ணிப் பார்க்கவில்லை. வஹினி படத்தைத் திருப்பிக் கொடுத்தார். "அஞ்சு காலு இருந்தா யாரும் விழமாட்டாங்க பாவோஜி. நாலு கால் குதிரையில இவரு நிக்கிற படத்தைக் காட்டுங்க."

தீர்ப்பு

இதற்கு மேல் ஏமாற்ற முடியாது. அடுத்த ஜாத்ராவில், பந்தயப் பாதை முடிகிற மேட்டில் ஒரு டிராக்டரை நிறுத்தச் சொல்லி அதன் மேல் ஏறிக்கொண்டேன். மஞ்சள்தூள் இறைப்பவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டு மறுபக்கம் அனுப்பினேன். குதிரை நேராக மேலேறி வந்தது. நான்கு காலும் தரையில் இல்லை. புழுதிக்கு மேலே தத்து, கை கட்டி, நெஞ்சு நிமிர்த்தி, ராஜா மாதிரி. இந்தத் தடவை சிக்கிவிட்டார். பிரிண்ட் போட்டுப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. பொய் சொல்லவில்லை, அழுதேவிட்டேன்.

வஹினி முதல்முறையாக ஸ்டுடியோவுக்கு வந்தார். பின்னாலேயே தத்து. வஹினி முதலில் காலை எண்ணினார், நான்கு சரியாக இருந்தது. அப்புறம் புருஷனின் பாதத்தைப் பார்த்தார், முட்டியைப் பார்த்தார், கட்டின கையைப் பார்த்தார். முகத்துக்கு வந்ததும் படத்தை ஜன்னலோரம் எடுத்துப் போனார். பிறகு என் பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

"இவரு கண்ணை மூடிக்கிட்டு நிக்கிறாரு" என்றார்.

நான் பிடுங்கிப் பார்த்தேன். கண் மூடித்தான் இருந்தது. இமைத்த மூடல் இல்லை, ஊசி போடும்போது குழந்தை மூடுமே, அந்த மூடல். தத்து தரையைப் பார்த்தார். "எழுந்து நிக்கும்போது சாமி பேரைச் சொல்லுவேன். கண்ணு திறந்திருக்குன்னுதான் நினைச்சிருந்தேன்" என்றார். தொலைந்தது, இவ்வளவு பாடுபட்டு இவர் குதிரையேற்றத்துக்கு நானே உலை வைத்துவிட்டேன் என்று நினைத்தேன். வஹினி திட்டவில்லை. தனக்கு மட்டும்தான் பயம் என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தாராம். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. தத்துவின் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுத் தீர்ப்பைச் சொன்னார்: "ஏறட்டும் பாவோஜி. ஆனா அடுத்த வருஷத்துலேர்ந்து நான் கண்ணைத் திறந்து வச்சிக்கிறேன், வீட்டுல ஒருத்தராவது பாக்கணும்ல."

பட்டனை அழுத்துகிற நொடியில் கேமராவுக்குள் இருக்கிற கண்ணாடி எழும்பி நான் பார்க்கிற துளையை மறைக்க, எனக்கும் எல்லாம் இருட்டாகத்தான் போகும் என்பதால், அத்தனை வருஷமும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தன் வேலையை ஒழுங்காகப் பார்த்தது எங்களில் அந்தக் குதிரை ஒன்றுதான்.